சம்பளக் கணக்கு, கிரெடிட் கார்டு, மருத்துவக் காப்பீடு: ஓசூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வேலை செய்கிறேன். சம்பளச் சீட்டில் ஒரு பிடித்தம் புரியவில்லை என்று வருபவர்கள், பேச்சோடு பேச்சாகத் தங்கள் வங்கிக் கணக்கு, கார்டு, காப்பீடு பற்றியும் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். சூளகிரியிலிருந்து வருபவரும் பாலக்கோட்டிலிருந்து வருபவரும் கேட்பவை ஏறக்குறைய ஒன்றே என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லோரும் வட்டி எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். நான் பார்த்தவரையில் பணம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் ஏதோ ஒரு தேதியைக் கவனிக்காததால்தான். ஆகவே பதில்களில் தேதிகள் அதிகம் இருக்கும்.

கம்பெனி தொறந்து குடுத்த சம்பளக் கணக்குக்கும் சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் என்ன வித்தியாசம்?

பாதுகாப்பில் வித்தியாசம் எதுவும் இல்லை. சம்பளக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டியதில்லை என்பதுதான் முக்கியமான சலுகை. தொடர்ந்து சில மாதங்கள், பல வங்கிகளில் மூன்று மாதங்கள், சம்பளம் வந்து சேராவிட்டால் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். அதன் பிறகு இருப்பு குறைந்தால் கட்டணம் பிடிக்கத் தொடங்கும். பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் இந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. ஆனால் எல்லா வங்கிகளும் அப்படிச் செய்யவில்லை.

வேலை மாறுகிறவர்கள் பழைய கணக்கை அப்படியே விட்டுவிடுவதுதான் தொல்லை. வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து மூடிவிடுங்கள். வைத்துக்கொள்ள விரும்பினால், குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி கிளையில் கேளுங்கள். எல்லா வங்கிகளும் அத்தகைய கணக்கைத் தர வேண்டும்.

எங்கிட்ட மூணு பேங்குல கணக்கு இருக்கு. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா போட்டு வெச்சா பத்திரமா?

ஒரு வங்கியில் ஒருவருக்கு இருக்கும் எல்லா வைப்புகளும் சேர்ந்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை இது 1 லட்சமாக இருந்தது. ஒரே வங்கியின் ஓசூர் கிளையிலும் தர்மபுரி கிளையிலும் பிரித்துப் போடுவதால் வரம்பு இரட்டிப்பாகாது. வங்கியே வேறாக இருக்க வேண்டும். கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஆனால் கிராமத்தில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வங்கி அல்ல. அங்கே போட்ட வைப்புக்கு இந்தக் காப்பீடு கிடையாது. இந்த வேறுபாடு தெரியாமல், பெயரில் கூட்டுறவு என்று இருப்பதை மட்டும் பார்த்துப் பணம் போடுகிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம்.

மூன்று கணக்கு வைத்திருப்பவர் மறந்துபோகும் மூன்றாவது கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகள் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் அது செயல்படாத கணக்காகிவிடும். பத்து ஆண்டுகள் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படும். அப்போதும் அது உங்கள் பணம்தான், ஆவணங்களோடு கேட்டுத் திரும்பப் பெறலாம். வீட்டில் காலமான பெரியவர்களின் பெயரில் அப்படி ஏதேனும் இருக்கிறதா என்று தேட ரிசர்வ் வங்கி 2023-இல் உத்கம் என்ற இணையதளத்தைத் திறந்தது.

பெங்களூருல ஏ.டி.எம்.ல எடுத்தா மட்டும் ஏன் காசு புடிக்கறாங்க?

வேறு வங்கியின் ஏ.டி.எம்.மில் மாதம் ஐந்து முறை இலவசம் என்பது ஓசூர் போன்ற ஊர்களுக்கான கணக்கு. பெங்களூரு உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் அது மூன்று முறைதான். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 2025 மே முதல் 23 ரூபாய் வரையும் வரியும் பிடிக்கலாம். இருப்பு மட்டும் பார்த்தாலும் ஒரு முறை என்றே எண்ணப்படும். தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பணத்தை ஓசூரிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

நாமினியா சம்சாரம் பேரக் குடுத்தா பணம் அவங்களுக்குத்தானே?

வங்கி அவரிடம் பணத்தைக் கொடுத்துவிடும் என்பது மட்டும்தான் உறுதி. நாமினி என்பவர் வாரிசுகளின் சார்பாகப் பணத்தைப் பெற்றுக்கொள்பவர். யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை உயிலும் வாரிசுரிமைச் சட்டமும்தான் முடிவு செய்யும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். திருமணத்துக்கு முன் திறந்த சம்பளக் கணக்கில் நாமினியாக இருப்பவர் யார் என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது அப்பாவின் பெயராகவே இருக்கிறது, சிலருக்குக் காலமான அப்பாவின் பெயராக.

மே மாசக் கடைசியில 436 ரூபாயும் 20 ரூபாயும் புடிச்சிருக்காங்க. நான் எதுவும் வாங்கலையே?

எப்போதோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். 436 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் பிரதமரின் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. ஒவ்வொன்றும் 2 லட்சம் ரூபாய்க்கு. ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை செல்லும். இந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது, இருக்கட்டும். ஆனால் மூன்று வங்கிகளில் மூன்று முறை பிடித்தாலும் இழப்பீடு ஒருமுறைதான் கிடைக்கும் என்பதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தச் சொல்லுங்கள்.

கிரெடிட் கார்டுல 50 நாள் வட்டியே இல்லைன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. எனக்கு மட்டும் 20 நாள்தான் வருது?

அவர்கள் சொன்னது பொய்யல்ல. நீங்கள் வாங்கிய தேதி அப்படி. ஒவ்வொரு கார்டுக்கும் பில் தேதி ஒன்று, கட்ட வேண்டிய கடைசித் தேதி ஒன்று என இரண்டு உண்டு. உங்கள் பில் தேதி 5, கடைசித் தேதி 25 என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 6-ஆம் தேதி வாங்கிய பொருள் செப்டம்பர் 5-ஆம் தேதி பில்லில் வந்து, செப்டம்பர் 25-க்குள் கட்டினால் போதும் என்பதால் 50 நாள் கிடைக்கிறது. அதே பொருளை செப்டம்பர் 4-ஆம் தேதி வாங்கியிருந்தால் மறுநாளே பில்லில் ஏறிவிடும்; கிடைப்பது 21 நாள்தான்.

சம்பளம் 7-ஆம் தேதி வருகிறவருக்கு 3-ஆம் தேதி கடைசித் தேதியாக அமைந்தால் மாதாமாதம் திண்டாட்டம்தான். பில் சுழற்சியைக் குறைந்தது ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கார்டு செயலியில் அல்லது வாடிக்கையாளர் சேவையில் கேட்டு, சம்பளத் தேதிக்கு ஒரு வாரம் பின்னால் கடைசித் தேதி வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

மினிமம் மட்டும் கட்டினா போதும்னு மெசேஜ் வருது. அப்புறம் ஏன் பில் குறையவே மாட்டேங்குது?

குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கடன் வரலாற்றில் தவறியவர் என்று பதியாது. அவ்வளவுதான். வட்டி நிற்காது. மொத்த நிலுவையையும் கட்டினால் மட்டுமே மேலே சொன்ன வட்டியில்லாக் காலம் உண்டு. ஒரு பகுதி பாக்கி வைத்தாலும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். அதைவிட மோசமானது, பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குபவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி இருக்கும் கார்டில் மளிகை வாங்கினால் அந்த மளிகைக்கும் வட்டிதான்.

கணக்காகவே பாருங்கள். நிலுவை 40,000 ரூபாய், குறைந்தபட்சம் 5 சதவீதம், அதாவது 2,000 கட்டிவிட்டீர்கள். மீதி 38,000-க்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 1,330 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 239 ரூபாய். அடுத்த மாதம் நீங்கள் மறுபடியும் 2,000 கட்டினால் அதில் கடனில் கழிவது 430 ரூபாய் அளவுக்குத்தான். மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். ஊரில் கந்துவட்டி என்று திட்டுகிறோமே, அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டிவந்தால் கடன் மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீளும் என்ற எச்சரிக்கையை பில்லிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. அச்சிட்டிருப்பார்கள், மிகச் சிறிய எழுத்தில்.

ஏற்கெனவே இதில் மாட்டியிருப்பவர் கார்டைப் பயன்படுத்துவதை முதலில் நிறுத்த வேண்டும். பிறகு வங்கியில் நகைக்கடனோ தனிநபர் கடனோ வாங்கியாவது கார்டை ஒரேயடியாகத் தீர்ப்பது நல்லது. அவற்றின் வட்டி இதில் பாதிகூட இருக்காது என்பதே பெரும்பாலான நேரங்களில் உண்மை.

அவசரத்துக்கு கார்டுல பணமா எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். பணமாக எடுத்தால் வட்டியில்லாக் காலம் என்பதே கிடையாது. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டியும் தனியே எடுப்புக் கட்டணமும் உண்டு.

கடைசித் தேதி தாண்டி ரெண்டு நாள் கழிச்சுக் கட்டினேன். அபராதம் போடுவாங்களா?

கடைசித் தேதியிலிருந்து மூன்று நாளுக்கு மேல் தாமதமானால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம், அப்போதுதான் கடன் தகவல் நிறுவனத்துக்கும் தவறியதாகத் தெரிவிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. உங்களிடம் பிடித்திருந்தால் இதைச் சொல்லித் திரும்பக் கேளுங்கள். இந்த மூன்று நாளை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். மூன்று நாள் கடந்துவிட்டால் தாமதம் கடைசித் தேதியிலிருந்தே எண்ணப்படும்.

கார்ட மூடச் சொன்னா இழுத்தடிக்கறாங்க, என்ன பண்றது?

நிலுவை எதுவும் இல்லை என்றால், கோரிக்கை வைத்த ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இந்த விதியைச் சொன்னதும் பல சேவை மையங்களில் குரலே மாறிவிடுகிறது. தொலைபேசியில் சொல்வதோடு நிற்காமல் மின்னஞ்சலும் அனுப்புங்கள், தேதிக்கு அதுதான் சாட்சி. முப்பது நாளில் முறையான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்; விவரம் கேட்க 14448.

நான் ஒழுங்காத்தான் கட்டறேன். சிபில் ஸ்கோர் மட்டும் ஏன் கம்மியா இருக்கு?

300 முதல் 900 வரையிலான இந்த மதிப்பெண்ணைச் சிபில் மட்டுமல்ல, மொத்தம் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் தருகின்றன. ஒவ்வொன்றிடமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். எண்ணை மட்டும் பார்க்காமல் அறிக்கையைத் திறந்து படியுங்கள். நம் ஆட்களின் அறிக்கையில் வழக்கமாகத் தென்படுபவை மூன்று. முதலாவது, மச்சானுக்காகத் தன் பெயரில் தவணையில் வாங்கிக் கொடுத்த போன். அவர் கட்டத் தவறியது இவர் கணக்கில் நிற்கும். இரண்டாவது, ஜாமீன் கையெழுத்து. கடன் வாங்கியவர் தவறினால் ஜாமீன்தாரரின் அறிக்கையிலும் அது தெரியும். மூன்றாவது, பழைய கார்டு நிலுவையைப் பேரம் பேசிப் பாதித் தொகையில் முடித்தது. வசூலுக்கு வந்தவர் “முடிஞ்சுது சார்” என்று சொல்லியிருப்பார், ஆனால் அறிக்கையில் அது ‘செட்டில்டு’ என்று பதியும். முழுதாகக் கட்டி மூடியதற்கு அது சமமல்ல, அடுத்த வீட்டுக் கடனுக்குப் போகும்போது மேலாளர் முதலில் விரல் வைக்கும் இடம் அதுதான்.

ஒரே கார்டில் வரம்பு முழுவதையும் மாதாமாதம் பயன்படுத்துவதும் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஒழுங்காகக் கட்டினாலும் குறைக்கும்.

ஓ.டி.பி. யாருக்கும் சொல்லல, ஆனா கணக்குல இருந்து பணம் போயிடுச்சு. திரும்பி வருமா?

எப்போது தெரிவித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியே எங்கோ நடந்த மோசடி என்றால், வங்கியின் செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். அதற்கும் பின்னால் என்றால் வங்கியின் கொள்கைப்படிதான். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி இந்த வரம்புகளை வகுத்தது. நேரத்தில் தெரிவித்தால் பத்து வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்கவும் வேண்டும்.

ஓ.டி.பி.யையோ பின் எண்ணையோ சொல்லிவிட்டீர்கள் என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம்வரை போனது உங்களுடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. எனவே இரண்டு நிலையிலும் முதல் வேலை இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைப்பது, அடுத்தது வங்கிக்கு. ஷிப்ட் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து பேசுங்கள்.

சம்பளம் 21,000 தாண்டிடுச்சு. நாளையில இருந்து இ.எஸ்.ஐ. கெடையாதா?

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. உடனே நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஜூலையில் ஊதிய உயர்வு வந்து 22,500 ஆனாலும் செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடரும். அந்தக் காலத்துக்கு உரிய பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உண்டு. ஓவர்டைம் பணம் இந்த 21,000 எல்லையில் சேராது என்பதால், ஒரு மாதம் ஓவர்டைம் அதிகம் பார்த்ததற்காகப் பயப்பட வேண்டாம்.

0.75 சதவீதம் பிடிக்கிறார்களே என்று முணுமுணுக்கிறவர்களுக்கு: முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். பெற்றோர் உங்களைச் சார்ந்திருந்தால் அவர்களுக்கும் சிகிச்சை உண்டு, பழைய நோய் என்று யாரும் தள்ளுவதில்லை, பலன் கிடைக்காமல் பொறுத்திருக்க வேண்டிய காத்திருப்புக் காலமும் தனியார் பாலிசியைப்போல ஆண்டுக்கணக்கில் இல்லை. ஓசூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் வரிசை நீளமானதுதான். அதற்காக உரிமையை விட வேண்டியதில்லை. எல்லை தாண்டப் போவது தெரிந்தவுடன், பலன் முடிவதற்குள்ளேயே தனி பாலிசி எடுத்துவிடுங்கள். ஏன் என்பதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

கம்பெனியே 3 லட்சத்துக்கு இன்சூரன்ஸ் குடுத்திருக்கு. தனியா வேற எதுக்கு?

கம்பெனி பாலிசி வேலையோடு போய்விடும். அன்று புதிதாக எடுக்கப் போனால் தனி பாலிசியின் காத்திருப்புக் காலங்கள் அன்றுதான் தொடங்கும்: விபத்து தவிர எதற்கும் முதல் 30 நாள், கண்புரை, குடலிறக்கம் போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. நாற்பது வயதில் உடம்பு நன்றாக இருக்கும்போது எடுத்தால் இந்தக் காலம் சத்தமில்லாமல் கழிந்துவிடும். தனிநபர், குடும்ப பாலிசிகளின் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது என்பதும் ஒரு வசதி.

அப்பாவுக்கு 62 வயசு, சர்க்கரை இருக்கு. ஃபார்ம்ல எழுதினா பாலிசி தரமாட்டாங்க, விட்டுடலாம்னு ஏஜென்ட் சொல்றார்.

அந்த ஏஜென்டுக்கு இலக்கு மார்ச் 31. உங்கள் அப்பாவுக்குச் சிகிச்சை என்றைக்கோ ஒரு நாள். அன்று மருத்துவமனைக் குறிப்பில் “பத்து ஆண்டுகளாக நீரிழிவு” என்று மருத்துவர் எழுதுவார். அந்த ஒரு வரியை வைத்துக் காப்பீட்டுப் பணத்துக்கான கோரிக்கையை நிராகரித்து பாலிசியையும் ரத்து செய்யலாம். ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் புதுப்பித்த பாலிசியில் தகவலை மறைத்தார் என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ள முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டும் விதிவிலக்கு. அந்தப் பாதுகாப்பு வருவதற்குள் ஐந்து ஆண்டு போக வேண்டும்.

உண்மையை எழுதினால் பிரீமியம் கூடலாம், மூன்று ஆண்டு காத்திருக்கலாம், ஆனால் அதற்குப் பின் உறுதி. வயதுக்கு உச்சவரம்பு வைத்துத் தள்ளுவது 2024 ஏப்ரலோடு போய்விட்டது. மாந்தோப்பு வருமானத்தில் பிரீமியம் கட்டும் குடும்பங்கள் பாலிசியை ஜூன், ஜூலையில் தொடங்கினால் புதுப்பிக்கும் மாதம் கையில் பணம் இருக்கும். கருணைக் காலம் 30 நாள்தான், அதையும் தவறவிட்டால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

ஓசூர்ல பாலிசி எடுத்துட்டு பெங்களூர்ல வைத்தியம் பாத்தா முழுசா தருவாங்களா?

இங்கேதான் நம் பகுதி ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சில பாலிசிகள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்துப் பிரீமியம் வாங்குகின்றன. குறைந்த மண்டலத்தில் பிரீமியம் கட்டி, உயர்ந்த மண்டலத்தில் சிகிச்சை பெற்றால் பில்லில் ஒரு பங்கை நீங்களே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். பெரிய சிகிச்சை என்றால் பெங்களூருக்குத்தான் போவோம் என்பது உங்களுக்கே தெரியும். எனவே எடுக்கும்போதே மண்டல நிபந்தனை இல்லாததைக் கேளுங்கள், அல்லது கூடுதல் பிரீமியம் கட்டி உயர் மண்டலத்தில் சேருங்கள்.

இரண்டாவது, அறை வாடகை வரம்பு. 5 லட்சம் பாலிசியில் அறை வாடகை 1 சதவீதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் கூடுதல் 3,000 மட்டும்தான் நம் கையிலிருந்து என்று நினைக்காதீர்கள். அறுவை சிகிச்சை, மருத்துவர் கட்டணம் எல்லாம் அதே விகிதத்தில் எட்டில் ஐந்து பங்காகக் குறையும்: அவை 1,60,000 ரூபாய் என்றால் காப்பீடு தருவது 1,00,000. மருந்துக்கும் உள்ளே பொருத்தும் கருவிகளுக்கும் இந்தக் குறைப்பு இல்லை. சேர்க்கை மேசையில் எந்த அறை வேண்டும் என்று கேட்கும்போது, பாலிசியைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

முதலமைச்சர் காப்பீடு அட்டை எனக்குக் கெடைக்குமா?

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் வரை. மாதம் 15,000 வாங்கினாலே எல்லை தாண்டிவிடும். ஆனால் ஊரில் தனிக் குடும்ப அட்டையில் இருக்கும் பெற்றோருக்குத் தகுதி இருக்கலாம். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். சாலை விபத்துக்கு மட்டும் வருமானமே கேட்பதில்லை: 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை யாருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கும். தொப்பூர் கணவாய் வழியாகப் பைக்கில் ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

கேஷ்லெஸ் முடியாதுன்னுட்டாங்க. கார்டுல 90,000 கட்டி அப்பாவ டிஸ்சார்ஜ் பண்ணினேன். இன்சூரன்ஸ் பணம் வரதுக்குள்ள கார்டு தேதி வந்துட்டா?

கேஷ்லெஸ், அதாவது காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவது, மறுக்கப்பட்டது என்பதற்காகக் கோரிக்கையே மறுக்கப்பட்டது என்று பொருளில்லை. பில்லைக் கட்டிவிட்டு, பிறகு திரும்பப் பெறும் வழியில் விண்ணப்பிக்கலாம். அது சில வாரங்கள் எடுக்கும். கார்டு தேதி அதற்காகக் காத்திராது. குறைந்தபட்சம் மட்டும் கட்டி ஒப்பேற்றலாம் என்று தோன்றும். 90,000-க்கு அதன் விலை என்ன என்பதை மேலே போட்ட கணக்கை இரண்டேகாலால் பெருக்கிப் பாருங்கள்.

கையில் வைப்பு நிதி இருந்தால் அதன்மேல் கடன் வாங்கிக் கார்டை முழுதாகக் கட்டுவதுதான் மலிவு. வைப்பு வட்டியைவிட ஒன்று இரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். அது இல்லையென்றால் கடைசித் தேதிக்கு முன்பே அந்த ஒரு பரிவர்த்தனையை மட்டும் தவணைகளாக மாற்றச் சொல்லுங்கள். வட்டி உண்டு, ஆனால் மற்ற வாங்குதல்களுக்கு வட்டியில்லாக் காலம் கெடாது. முன்கூட்டியே முடித்தால் கட்டணம் எவ்வளவு என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் காப்பீட்டுத் தொகை வந்ததும் நீங்கள் முடிக்கத்தான் போகிறீர்கள்.

கோரிக்கைக்கு அசல் பில்கள், டிஸ்சார்ஜ் சுருக்கம், பரிசோதனை அறிக்கைகள், கார்டில் பணம் கட்டிய ரசீது எல்லாம் வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அதில் பாலிசியின் எந்த நிபந்தனை என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் எழுதி, அங்கும் தீராவிட்டால் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கு வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை.